முன்வாசலும் புறவாசலும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் குற்றாலம் சந்திப்பில் ஆற்றிய உரை)



வெளியே சாரல் விழுந்துகொண்டிருக்கிறது. ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று காலையில் குளித்துவிட்டு வந்தவர்கள் சொல்கிறார்கள். போதாக்குறைக்கு என்னை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பேச விட்டிருக்கிறார்கள். சாரல், அருவி, சாப்பாடு மூன்றையும் சமாளித்து உங்களை இருபது நிமிஷம் உட்கார வைக்க வேண்டும். "ஓய்வுக்கால வாழ்க்கை" என்ற தலைப்பில் பேசச் சொன்னார் செயலாளர். "ஓய்வுக்காலத்துல நான் பாக்கிற வேலை ஒண்ணுதான் வே, வீட்டுக்கு வர்ற பார்சலை வாங்கி வைக்கிறது. அதைப் பத்திப் பேசட்டுமா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "பேசும், ஆனா வெறுமனே சிரிக்க வச்சிட்டு இறங்கிராதும்" என்றார். சிரிக்கிற விஷயமும் இருக்கிறது. சிரிக்க முடியாத விஷயம் ஒன்றும் இருக்கிறது. அதையும் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

உங்களில் பலருக்குத் தெரியும், நான் 1980-ல் தபால் துறையில் சேர்ந்து, சங்கரன்கோவில், புளியங்குடி, தென்காசி என்று சுற்றி, 2017-ல் ஓய்வு பெற்றவன். 37 வருஷம் அடுத்தவர் வீட்டுப் பார்சல் என் கையைக் கடந்து போயிருக்கிறது. இப்போது வாசுதேவநல்லூரில் எங்கள் பூர்வீக வீட்டில், கையெழுத்துப் போட்டு வாங்குகிற பக்கத்தில் இருக்கிறேன். கவுண்டருக்கு உள்ளே இருந்தவன் வெளியே வந்து பார்த்தால் எல்லாம் வேறு மாதிரித் தெரிகிறது.

அந்தக் காலத்துப் பார்சலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காடாத் துணியில் வைத்து, சுற்றிலும் ஊசி நூலால் தைத்து, தையல் மேல் அரக்கு உருக்கி முத்திரை குத்தியிருக்கும். விலாசம் துணி மேலேயே மையில் எழுதியிருக்கும். என் அப்பாவுக்குச் சென்னையிலிருந்து புத்தகங்கள் வி.பி.பி.யில் வரும். பிரித்த துணியை என் அம்மா தூரப் போட மாட்டாள். துவைத்து, அடுக்களையில் பிடிதுணியாக வைத்துக்கொள்வாள். அப்பா பெயரும் 'வாசுதேவநல்லூர்' என்ற எழுத்தும் மங்கிப்போன ஒரு துணியைப் பிடித்துத்தான் எங்கள் வீட்டில் ரொம்ப நாள் சோற்றுப்பானையை இறக்கினார்கள். வந்த பார்சலில் வீட்டுக்குள் தங்கியது புத்தகமும் ஒரு பிடிதுணியும். வேறு எதுவும் மிஞ்சவில்லை.

வி.பி.பி. என்றால் இளைய தலைமுறைக்குத் தெரியாது. பொருளை அனுப்புகிறவர் அதன் விலையைக் குறித்து அனுப்புவார். நம் ஊர்த் தபால்காரர் பணத்தை வாங்கிக்கொண்டுதான் பொருளைக் கையில் கொடுப்பார். அந்தப் பணம் அனுப்பினவருக்குப் போய்ச் சேரும். இந்தியத் தபால் துறை இந்த ஏற்பாட்டை 1877-லேயே கொண்டுவந்துவிட்டது. பார்சல் வந்த அன்று கையில் பணம் இல்லையென்றால் ஏழு நாள் வரை ஆபீசில் வைத்திருப்போம். அதற்குள் வாங்காவிட்டால் வந்த வழியே திருப்பிவிடுவோம்.

அந்த ஏழு நாளில் என்ன நடக்கும் என்பதைக் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்தவன் நான். பத்திரிகை விளம்பரம் பார்த்து ஆசையாக எழுதிப் போட்டவர், முதல் நாள் வந்து பார்சலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். மூன்றாம் நாள் வந்து, "இருக்கா சார்?" என்பார். ஆறாம் நாள் வந்து, "அனுப்பிருங்க சார், இந்த வருசம் பருத்தி சரியில்ல" என்பார். சிலர் கடன் வாங்கி வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். வாங்கினாலும் விட்டாலும் ஏழு நாள் யோசித்த முடிவு அது. தபால் துறை வைத்திருந்த விதி, மனிதர்களுக்கு யோசிக்க அவகாசமாக அமைந்துவிட்டது.

இப்போது கதைக்கு வருகிறேன். 2007-ல் பெங்களூரில் இரண்டு இளைஞர்கள் புத்தகம் விற்பதற்காக ஃப்ளிப்கார்ட் ஆரம்பித்தார்கள். 2010-ல் அவர்கள் 'பொருள் வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும்' என்றார்கள். ஊரே அதிசயப்பட்டது. நான் அதிசயப்படவில்லை. எங்கள் வி.பி.பி.யின் பேரன்தானே அது! 2013-ல் அமேசான் இந்தியாவுக்கு வந்தது. 2016-ல் ஜியோ வந்து, செல்போனில் இண்டர்நெட் கிராமம் வரைக்கும் மலிவாகிவிட்டது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, கடைக்கே போகாமல் பொருள் வாங்கலாம் என்பதை வீட்டுக்கு வீடு கற்றுக்கொண்டார்கள். இத்தனைக்கும் வழிகாட்டுவது எது தெரியுமா? 1972 ஆகஸ்ட் 15-ல் எங்கள் துறை கொடுத்த பின்கோடுதான். 627 என்று போட்டால் திருநெல்வேலிப் பக்கம். அதற்கடுத்த மூன்று இலக்கம் எந்தத் தபால் ஆபீஸ் என்று சொல்லும். எந்தக் கம்பெனிக்காரனும் முதலில் கேட்பது அதைத்தான்.

எங்கள் ஊர் பூலித்தேவர் சீமை. நெற்கட்டும்செவல் பக்கத்தில்தான் இருக்கிறது. 1759-ல் யூசுப் கான் பீரங்கியோடு வந்து வாசுதேவநல்லூர் மண் கோட்டையை முற்றுகையிட்டு, பிடிக்க முடியாமல் திரும்பிப் போனான். அப்படிப்பட்ட ஊரில், இன்றைக்கு ஒரு தம்பி பைக்கில் வந்து, "சார், ஓ.டி.பி. சொல்லுங்க" என்கிறான். நான்கு இலக்கம் சொல்கிறோம், கோட்டைக் கதவு திறந்துவிடுகிறது.

இதையெல்லாம் குறையாகச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு பெண் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். அவளுக்கு வேண்டிய புத்தகத்துக்கு முன்பெல்லாம் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ பஸ் ஏற வேண்டும். இப்போது வீட்டு வாசலில் வருகிறது. எனக்குச் சர்க்கரை பார்க்கிற பட்டை மாதா மாதம் அப்படித்தான் வருகிறது. பார்சல் நல்லது. என் சங்கடம் வேறு. பார்சல் வருவதற்கு வழி செய்தவர்கள், அது வீட்டைவிட்டுப் போவதற்கு வழி செய்யவில்லை. நாமும் செய்யவில்லை.

எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்கிறேன். மகள் பெங்களூரில், மகன் மஸ்கட்டில். இரண்டு பேருக்கும் அப்பா அம்மா மேல் பாசம். பாசம் வந்தால் போனை எடுத்து ஆர்டர் போட்டுவிடுவார்கள். "அப்பா, ஒரு பார்சல் வரும், வாங்கி வைங்க." என்ன பார்சல் என்று கேட்டால், "வந்ததும் பாருங்க." போதாதென்று நாங்களும் போடுவோம். முழங்கால் வலிக்கு ஒரு கருவி, தேங்காய் துருவ ஒரு கருவி, செல்போனை நிறுத்தி வைக்க ஒரு தாங்கி. எங்கள் ஊர்ச் சாமி அர்த்தநாரீஸ்வரர். வீட்டில் சேர்ந்த சாமானிலும் பாதி எனக்கு, பாதி என் மனைவிக்கு. கூட ஒரு பங்கை யார் தலையிலும் கட்ட முடியாது.

பார்சல் கொண்டுவருகிற தம்பி நம் கல்லூரியில் படித்தவன் என்பது பிறகுதான் தெரிந்தது. உள்ளூர்ப் பையன், என்னைப் பெரியப்பா என்பான். முதுகில் அவனைவிடப் பெரிய பை. ஒரு நாள் பார்சலை நீட்டிக்கொண்டே தார்சாவை எட்டிப் பார்த்தான். "பெரியப்பா, போன வாரம் நான் கொண்டாந்த ரெண்டும் இன்னும் பிரிக்காமலே கெடக்கே?" என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெயிலில் அலைந்து கொண்டுவந்தவனுக்குத் தெரிகிறது, வாங்கியவனுக்குத் தெரியவில்லை. அன்றைக்கே நான் விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை.

நம் பக்கத்துப் பழைய வீடுகளின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். திண்ணை, தார்சா, அரங்கு, அடுக்களை, அப்புறம் புறவாசல். சாமான் முன்வாசல் வழியாக வரும். உபயோகம் முடிந்தால் புறவாசல் வழியாகப் போகும். கருப்பட்டி வந்த ஓலைக்கொட்டான் அடுப்புக்குப் போகும், இல்லையென்றால் எருக்குழியில் மக்கிவிடும். கிழிந்த சேலை கொடுத்தால் பாத்திரக்காரர் எவர்சில்வர் கிண்ணம் கொடுப்பார். ஓட்டைக் குடத்துக்கும் துருப்பிடித்த வாளிக்கும் பேரீச்சம்பழம் கிடைக்கும். போகிக்குக் கொளுத்துவது வடக்கத்திப் பழக்கம். நம்ம பக்கம் பொங்கலுக்கு வெள்ளையடிப்பதுதான் போகி. வெள்ளையடிக்க வேண்டுமென்றால் அத்தனை சாமானையும் வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்ததில் பாதி திரும்ப உள்ளே போகாது. யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவில்லை. வீடே அப்படி நடந்தது.

இப்போது சுவருக்குப் பெயிண்ட் அடித்துவிட்டோம், வருஷா வருஷம் வெள்ளையடிப்பது இல்லை. பாத்திரக்காரர் வருவது குறைந்துவிட்டது. வருகிற உறையோ மக்காத சாதி. பொட்டு பொட்டாகக் காற்றடைத்து ஒரு பிளாஸ்டிக் தாள் வருகிறதே, குழந்தைகள் வெடித்து விளையாடுவது, அதை 1957-ல் அமெரிக்காவில் இரண்டு பேர் சுவரில் ஒட்டுகிற அலங்காரத் தாளாகத்தான் செய்தார்களாம். சுவரில் யாரும் ஒட்டவில்லை. பிற்பாடு கம்ப்யூட்டர் கட்டி அனுப்பப் பயன்பட்டு, இன்றைக்கு எங்கள் வீட்டு அரங்கு வரை வந்துவிட்டது. நம் அரசாங்கம் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றைத் தடை செய்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் ஆரம்பித்தது. கடைக்குப் போகும்போது நானும் மஞ்சப்பை எடுத்துத்தான் போகிறேன். வாசலில் வந்து நிற்கிற பார்சலுக்கு மஞ்சப்பையை எங்கே நீட்டுவது?

அட்டைப் பெட்டியை எறியவும் மனம் வராது. "நல்ல கெட்டிப் பெட்டியா இருக்கு, எதுக்காவது ஆகும்" என்பாள் என் மனைவி. "திருப்பி அனுப்புறதுன்னா பெட்டி வேணும்லா" என்பேன் நான். இப்படி எதுக்காவது, எதுக்காவது என்று அடுக்கியதில் அரங்கு நிறைந்தது. பிறகு புறவாசலுக்குப் போகிற நடையில் அடுக்கினோம். கடைசியில் புறவாசல் கதவைத் திறந்தால் பாதிதான் திறக்கும் என்கிற நிலைமை வந்துவிட்டது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 32 குடும்பங்களின் வீடுகளுக்குள் போய், சாமான்களைப் படமெடுத்து, எண்ணி, 2012-ல் ஒரு புத்தகமாகப் போட்டார்கள். நான்கில் மூன்று கார் கொட்டகையில் காரை நிறுத்த இடமில்லையாம், அவ்வளவு சாமான். அதே குடும்பங்களைப் பார்த்த இன்னொரு ஆய்வில், தங்கள் வீட்டைப் பற்றிப் பேசும்போது 'அடைசலாகக் கிடக்கிறது' என்று சொன்ன பெண்களின் உடம்பில், மனஅழுத்தத்தைக் காட்டும் சுரப்பு சாயங்காலம் ஆனாலும் சரியாக இறங்கவில்லை என்று கண்டார்கள். மகள் இதைச் சொன்னபோது என் மனைவி, "இதுக்கு ஆராய்ச்சி வேற பண்ணணுமாக்கும்" என்றாள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் சிரிக்க முடியாத விஷயம்.

எங்கள் வீட்டுக்குப் பதினோரு வருஷமாக ஓர் அம்மா வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். பாத்திரம் தேய்க்கிற கல் புறவாசலில் இருப்பதால் அந்த வழியாகத்தான் வருவார்கள். என் அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் மகளைப் போலப் பார்த்தவர்கள். வீட்டில் வேண்டாத சாமான் எது, யாருக்கு ஆகும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். சொல்லப்போனால் எங்கள் வீட்டுச் சாமான் புறவாசல் வழியாக வெளியே போனதெல்லாம் அவர்கள் கையால்தான்.

2023 மே மாதம் பேத்திக்குக் காதுகுத்து. சொந்தக்காரர்கள் வந்து இறங்கப் போகிறார்கள், தார்சாவில் கால் வைக்க இடமில்லை. அவசர அவசரமாகக் கிடந்ததையெல்லாம் காலிப் பெட்டிகளில் திணித்து அரங்குக்குள் தள்ளினோம். விசேஷம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் பார்த்தால் என் அம்மாவின் வெள்ளிச் சந்தனக் கிண்ணத்தைக் காணவில்லை.

வீடெல்லாம் தேடினோம் என்று சொல்ல ஆசை. உண்மையில் தேடவில்லை, தேட முடியவில்லை. அரங்கில் பெட்டி மேல் பெட்டி. நாலைந்து பெட்டியை நகர்த்திப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டோம். தேடிப் பார்க்க முடியாத வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால் புத்தி எங்கே போகும்? ஆள் மேல் போகும். என் மனைவி அந்த அம்மாவிடம், "கிண்ணத்தைக் கடைசியா எங்க பாத்த?" என்று கேட்டாள். மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாள் நானே கேட்டேன். 'எடுத்தாயா' என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் கேட்டது அதுதான் என்பது எங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஐந்தாம் நாள் அவர்கள் வரவில்லை. நாங்களும் போய்க் கூப்பிடவில்லை.

எட்டு மாதம் போயிற்று. 2024 பொங்கலுக்கு மகன் ஊருக்கு வந்தான். அரங்கைத் திறந்து பார்த்துவிட்டு, "அப்பா, இந்த வருசம் வெள்ளையடிச்சே தீரணும்" என்று சட்டையைக் கழற்றினான். பெட்டிகளைத் திண்ணையில் வரிசையாக வைத்தோம். எண்ணுகிற பழக்கம் என்னை விடாது, எண்ணினேன். மொத்தம் 63. அதில் 38 காலிப் பெட்டி. 11 பிரிக்கவே படாதவை. மீதி 14 அள்ளித் திணித்தவை. எலுமிச்சை பிழிகிற கருவி மட்டும் நான்கு இருந்தது. புளியங்குடி எலுமிச்சைச் சந்தைக்குப் பக்கத்து ஊரில், கையாலேயே பிழிந்து பழகிய வீட்டில் நான்கு கருவி! எல்லோரும் சிரித்தோம்.

மின்விசிறி வந்த பெட்டி ஒன்றைப் பிரித்தபோது சிரிப்பு நின்றுபோனது. பாக்குப் பொட்டலம், மிச்சப் பந்தல் கயிறு, ஒரு சாவிக்கொத்து, இவற்றுக்கு அடியில் பொட்டுப் பிளாஸ்டிக்கில் சுற்றி, சணலால் கட்டிய ஒரு உருண்டை. பிரிக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. கிண்ணத்தில் கீறல் விழக்கூடாது என்று யாரோ பத்திரமாகச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கட்டு, தபால் பை வாய்க்குப் போடுகிற கட்டு. எங்கள் வீட்டில் அந்த முடிச்சுப் போடத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

அவசரத்தில் கட்டி வைத்தவன் நான். மறந்தவனும் நான். கேள்வி கேட்டவனும் நான்.

அன்றைக்குச் சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கிண்ணம் கிடைத்ததையும், நான்தான் வைத்து மறந்தேன் என்பதையும், தப்பு எங்கள் மேல் என்பதையும் நின்றுகொண்டே சொன்னேன். கத்தரியை நிறுத்தவில்லை. "கெடச்சிட்டுல்லா, சரிய்யா" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "எடுத்தியான்னு நேராவே கேட்டிருக்கலாம்யா. இல்லன்னு சொல்லியிருப்பேன். எங்க பாத்த, எங்க பாத்தன்னு கேட்டா நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?" என்றார்கள். எட்டு மாதச் சம்பளத்தைக் கவரில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். அதை நீட்டினது அடுத்த தப்பு. வாங்கவில்லை.

மறுநாள் என் மனைவி தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. இப்போது விசேஷத்துக்குக் கூப்பிட்டால் வருகிறார்கள், விருந்தாளியாக வருகிறார்கள், பேத்திக்குக் கை நிறையப் பூ வாங்கி வருகிறார்கள். வேலைக்கு வரவில்லை. அது அவர்கள் முடிவு. அதுதான் நியாயமும்.

காலிப் பெட்டி 38-ஐயும் மடக்கி, பழைய இரும்புக் கடையில் போட்டேன். 26 கிலோ நின்றது. கிலோ எட்டு ரூபாய், 208 ரூபாய் கொடுத்தார்கள். எதுக்காவது ஆகும், எதுக்காவது ஆகும் என்று சேர்த்ததன் மொத்த விலை அது. பதினோரு வருஷப் பழக்கத்தை அதற்காக இழந்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு வீட்டில் சில ஏற்பாடு செய்தோம். உபதேசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பயன்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஏழு நாள் விதி. வி.பி.பி.யிடம் கடன் வாங்கியது. எது வேண்டுமென்று தோன்றினாலும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவிடுவோம். மருந்தும் அவசரச் சாமானும் இதில் சேராது. ஏழு நாள் கழித்தும் வேண்டுமென்றால் வாங்கலாம். 2024-ல் நோட்டில் ஏறியது 74, வாங்கியது 29. 'இன்னும் இரண்டே இரண்டு பாக்கி', 'பத்து நிமிஷத்தில் சலுகை முடிகிறது' என்று செல்போன் அவசரப்படுத்தும், அதை நம்ப வேண்டாம். பொய்யாக அவசரம் காட்டுவது உட்பட 13 வகைத் தந்திரங்களைக் கூடாது என்று மத்திய அரசு 2023 நவம்பரில் வழிகாட்டு விதியே போட்டிருக்கிறது. ஏமாந்துவிட்டோம் என்று தோன்றினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம்.

இரண்டாவது, பார்சல் திண்ணையைத் தாண்டக் கூடாது. வந்த அன்றே திண்ணையில் வைத்துப் பிரித்து, வேலை செய்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். திருப்பி அனுப்புவதற்குக் கெடு உண்டு, அது நமக்காகக் காத்திராது. பொருள் மட்டும் உள்ளே வரலாம். பெட்டியை மடக்கி வெளியிலேயே வைக்க வேண்டும். கடையில் போடுமுன் பெயர், விலாசம், போன் நம்பர் உள்ள சீட்டைக் கிழித்துவிடுங்கள். கண்டவன் கையில் அது போகக் கூடாது.

மூன்றாவது, மாதத்தின் முதல் ஞாயிறு புறவாசல் ஞாயிறு. அன்றைக்கு ஏதாவது ஒன்று வெளியே போயாக வேண்டும். உடுத்தாத உடுப்பு, படித்த புத்தகம், ஓடாத கருவி. நல்ல சாமானை நல்ல நிலையில் இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும். கெட்டபின் கொடுப்பது தானம் ஆகாது.

நான்காவது, பிள்ளைகளிடம் சொல்லிவிட்டோம். ஆர்டர் போடுவதற்கு முன் ஒரு போன். "அம்மா, இது வேணுமா?" என்று கேட்டால் பேச்சு அரை மணி நேரம் ஓடும். பல நாள் அந்தப் பேச்சிலேயே பார்சல் தேவையில்லாமல் போய்விடுகிறது.

ஐந்தாவது, நம் வயதுக்காரர்களுக்கு. ராத்திரி எழுந்து நடக்கிற வழியில் ஒரு பெட்டிகூட இருக்கக் கூடாது. கீழே விழுவதால் உலகத்தில் ஆண்டுக்கு 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் அறுபது தாண்டியவர்களே அதிகம். நாம் எல்லோரும் அந்தக் கணக்குக்குள் வந்துவிட்டோம் வே!

இன்னொன்று, வாசலுக்கு வருகிற தம்பிமாருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள். எனக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது. அவனுக்குப் பார்சல் கணக்கில்தான் கூலி. இப்படிப்பட்டவர்களுக்காக 2023-ல் தமிழக அரசு ஒரு நல வாரியம் அமைத்திருக்கிறது. தெரியாத பையன்களிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

முடிக்கும் முன் நம் சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். கோபித்துக்கொள்ளக் கூடாது. வருஷா வருஷம் வந்தவர்களுக்கெல்லாம் ஒரு நினைவுப் பரிசு கொடுக்கிறீர்கள். அன்போடு கொடுப்பதுதான். ஆனால் அந்த 63 பெட்டிகளில் நம் சங்கத்துக் கேடயம் மூன்று இருந்ததை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடுத்த ஆண்டு முதல் கேடயத்துக்கு ஆகும் பணத்தை, நம் கல்லூரியில் படிக்கிற ஏழைப் பிள்ளைகள் இரண்டு பேருக்குப் பரீட்சைக் கட்டணமாகக் கட்டினால் என்ன? நினைவுக்கு இந்த மலர் ஒன்று போதும். இதுவும் உங்கள் வீட்டில் இடத்தை அடைக்கிறது என்று தோன்றினால், படித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன்.

எங்கள் வீட்டுப் புறவாசல் கதவு இப்போது முழுதாகத் திறக்கிறது. காலையில் எழுந்ததும் அதைத் திறந்து வைப்பது என் வேலை. பாத்திரத்தை நாங்களே தேய்த்துக்கொள்கிறோம். வேறு ஆள் பார்க்கவில்லை.